கொத்தமல்லிச் சட்டியின் ஓட்டை

பெரியவளே, சின்னவனே, இதை நீங்கள் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து படிக்க வேண்டும். ஒருவர் படித்துவிட்டு மற்றவருக்குப் போனில் சொல்கிற விஷயம் இல்லை இது. நான் ஐந்தாவது வரைக்கும்தான் படித்தவன். சுற்றி வளைத்து எழுதத் தெரியாது. ஆனால் இந்த ஒரு விஷயத்தைச் சுற்றி வளைத்தே இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

போன மாதம் சீர்காழியில் பெரியவள் வீட்டில் நாலு நாள் இருந்தேன் அல்லவா? பேத்தி பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள் என்று மூன்று பிளாஸ்டிக் டம்ளரில் மண் போட்டு, வெந்தயமும் கொத்தமல்லியும் விதைத்துச் சமையலறை ஜன்னலில் வைத்திருந்தாள். முளை கண்டதும் ஒரு டம்ளரைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து, "அம்மா, நீ கொஞ்சம் தண்ணி தெளியேன்" என்றாள். பெரியவளே, நீ சிரித்துக்கொண்டேதான் சொன்னாய்: "எங்கிட்ட கொண்டாராதடி. என் கை பட்டா அழுகிப்போயிடும். உங்க தாத்தாவக் கேளு, அவருக்குத் தெரியும்." சொல்லிவிட்டு இரண்டு கையையும் முந்தானைக்குள் விட்டுக்கொண்டாய். பேத்தி என்னைப் பார்த்தாள். நான் பேப்பரைப் பார்த்தேன்.

அன்று வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

சின்னவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. அவனுக்கு அப்போது ஒன்றரை வயது. பெரியவளுக்கு ஆறு. நாம் இருந்த கூரை வீடு மிராசுதாருடைய நிலத்தில் இருந்தது. வீடு மட்டும் இல்லை, தெருவே அவர் நிலம்தான். கழக ஆட்சி வந்து, குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே என்று சட்டம் போட்டிருந்தார்கள். மிராசுதார் தரப்பில், இது குடியிருப்பே இல்லை, எங்கள் களம், கூலி ஆட்கள் தற்காலிகமாகத் தங்கியிருக்கிறார்கள் என்று மனுப் போட்டுவிட்டார்கள். விசாரணை முடிகிற வரைக்கும் எல்லாம் இருக்கிற நிலையிலேயே இருக்க வேண்டும் என்று தாலுகா கச்சேரியிலிருந்து உத்தரவு வந்தது. புதிதாக வேலி கட்டக் கூடாது, குழி தோண்டக் கூடாது, பயிர் வைக்கக் கூடாது.

விவசாயத் தொழிலாளர் சங்கத்துக்காரர் வீடு வீடாக வந்து சொல்லிவிட்டுப் போனார்: "ஒரு பூசணி வெதைகூட ஊனக்கூடாதுண்ணே. ஊனினீங்கன்னா, இதோ பாருங்க புதுசா வளைச்சிப் போடுறானுங்கன்னு அங்க போய் நிப்பாங்க."

வீட்டுக்குப் பின்னால் படர்ந்திருந்த பரங்கிக் கொடியை நானே பிடுங்கிப் போட்டேன். பிஞ்சு இருந்தது அதில். அந்த வருஷம் தெரு முழுக்கக் கொல்லைப்பக்கம் மொட்டையாகக் கிடந்தது.

அந்த ஐப்பசியில்தான் உங்கள் அம்மா படுத்தாள். தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்துவிட்டு, "வீட்டுக்கு அழைச்சிட்டுப் போங்க, என்ன கேக்குறாங்களோ கொடுங்க" என்றார் டாக்டர். எனக்கு அது நல்ல வார்த்தையாகப் பட்டது. பத்தியம் கித்தியம் ஒன்றும் இல்லை என்கிறாரே என்று சந்தோஷப்பட்டு, வரும் வழியில் பஸ் ஸ்டாண்டில் அவளுக்கு ஆரஞ்சுப்பழம்கூட வாங்கினேன். டாக்டர் சொன்னதற்கு அர்த்தம் புரிய எனக்கு ஒரு வாரம் ஆயிற்று.

எதைக் கொடுத்தாலும் இரண்டு வாய்க்கு மேல் இறங்காது. "நாக்கு செத்துப்போச்சுங்க" என்பாள். ஒரு நாள் தானாகவே கேட்டாள்: "பச்சக் கொத்தமல்லித் தொவையல் இருந்தா கஞ்சி எறங்கும்."

அவள் ஒரத்தநாட்டுப் பக்கத்துக்காரி. செம்மண் ஊர். மார்கழி, தையில் அவள் அப்பா வீட்டுக் கொல்லையில் கொத்தமல்லி பாத்தி பாத்தியாக நிற்கும். எங்கள் ஊர் களிமண். ஆடியில் வந்த தண்ணீர் தை வரைக்கும் வயலில் நிற்கும். நெல்லைத் தவிர இங்கே எவனுக்கும் எதுவும் தெரியாது. கடையில் மல்லி விதை விற்கும், தழை விற்காது. நான் தஞ்சாவூர் மார்க்கெட் வரைக்கும் போய் ஒரு கட்டு வாங்கிக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வந்து சேர்வதற்குள் துவண்டுவிட்டது. அவள் மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தாள்.

"பிடுங்கி ஒரு நாள் ஆயிருக்கும் போல. வாசம் போயிட்டுதே."

"வேற என்ன செய்யிறது?"

"நாமளே வெதைச்சா என்ன?"

"எங்க வெதைக்கிறது? வெளியில மண்ணத் தொட்டா கேசு."

"வெளியில ஏன்? உள்ளாற வைங்க. வீட்டுக்குள்ள வெதைக்கக் கூடாதுன்னு உத்தரவுல எழுதியிருக்கா என்ன?"

அப்படித்தான் ஆரம்பித்தது. விளிம்பு உடைந்த அகலச் சட்டி ஒன்று இருந்தது. அதன் அடியில் ஆணியால் ஒரு ஓட்டை போடச் சொன்னாள். மணலும் மக்கிய எருவும் கலக்கச் சொன்னாள். விதையைத் தரையில் பரப்பி, செருப்புக் காலால் லேசாகத் தேய்த்து இரண்டாக உடைக்கச் சொன்னாள். நான் ஓட்டையை மட்டும் போட்டேன்.

"வெதையப் பத்தி எனக்கு நீ சொல்றியா புள்ள? இந்த ஊருல எத்தன நாத்தங்கால் இந்தக் கையால விட்டது, தெரியுமா?"

அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நான் எனக்குத் தெரிந்தபடி செய்தேன். மல்லி விதையைத் துணியில் கட்டி ஒரு ராத்திரி முழுக்க ஊறப்போட்டேன். வடித்து, வைக்கோலில் சுற்றி, மேலே கல்லை வைத்தேன். விதை நெல்லுக்கு அப்படித்தான் செய்வோம். மூன்றாம் நாள் வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். மல்லி எட்டிப் பார்க்கவில்லை. சரி, மண்ணுக்குள் போனால் வரும் என்று வயலிலிருந்து களியை அள்ளிவந்து சட்டியில் போட்டு, தண்ணீர் விட்டுச் சேறாகப் பிசைந்து, உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்தி, மேலே விதைத்தேன். சேறு ஓட்டையை அடைத்துக்கொண்டதால் தண்ணீர் நின்றது. அது எனக்கு நல்ல அடையாளமாகத்தான் பட்டது.

பன்னிரண்டு நாள் பார்த்தேன். பிறகு கிளறினேன். விதையெல்லாம் கூழாகி, கழுநீர்ப் பானை மாதிரி நாறியது. உங்கள் அம்மா படுத்தபடியே கேட்டாள்:

"நாத்து எப்பங்க பறிக்கிறது? நடவுக்கு ஆளு சொல்லியாச்சா?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. ஆனாலும் சிரித்தாள். பெரியவளே, நீயும் எதற்கென்று தெரியாமலே கூடச் சிரித்தாய்.

மறுநாள் நான் அவள் ஊருக்குப் போய் ஒரு துணிப்பை நிறையச் செம்மண் கொண்டுவந்தேன். இந்தத் தடவை அவள் சொல்லச் சொல்லச் செய்தேன். ஓட்டையைத் திரும்பக் குத்தி, அதன்மேல் ஒரு ஓட்டுச் சில்லைச் சாய்வாக வைத்தேன். விதையைக் காலால் உடைத்தேன். தூவி, மேலே ஒரு விரல் கனத்துக்கு மண் போட்டேன். வீட்டுக்குள் வெளிச்சம் கிடையாது. ஆளே குனிந்துதான் உள்ளே வர வேண்டும். அதனால் கூரையில் இரண்டு கீற்றை விலக்கி, அந்த வெளிச்சம் விழுகிற இடத்தில், நெல் கொட்டிவைக்கிற குதிரின் மேல் சட்டியை வைத்தேன். குதிர் அந்த வருஷம் காலி. கூலித் தகராறில் பாதி நாள் வேலை இல்லை. பாயில் படுத்திருந்தபடியே அவள் சட்டியைப் பார்க்கலாம். மண்ணைப் பார்க்க முடியாது. விளிம்புக்கு மேலே எது வந்தாலும் தெரியும்.

தண்ணீர் தெளிக்கிற வேலையை உனக்குக் கொடுத்தாள், பெரியவளே. "ஊத்தக் கூடாது ஆயி. கைய நனைச்சி ஒதறணும், அவ்வளவுதான்." நீ நெல் குத்துகிற உரலின் மேல் ஏறி நின்று, ஐந்து விரலையும் நனைத்து உதறுவாய். பாதித் தண்ணீர் உன் முகத்தில்தான் விழும்.

தெருவில் விஷயம் பரவிவிட்டது. "அண்ணன் வூட்டுக்குள்ள சாகுபடி பண்றாரு. கண்டுமுதல் எத்தன மூட்டைண்ணே?" என்று கேலி பேசினார்கள். மிராசுதாருடைய காரியக்காரர் காதுக்கும் போய்விட்டது. ஒரு நாள் வாசலில் வந்து நின்றார்.

"என்னடா, உள்ளாற ஏதோ வெவசாயம் நடக்குதாமே? குறுவையா, சம்பாவா?"

"கொத்தமல்லிங்கய்யா. சட்டியிலதான். அவளுக்கு வாய்க்கு எதுவும் புடிக்கல."

அவர் குனிந்து உள்ளே எட்டிப் பார்த்தார். அவர் பார்த்தது சட்டியை இல்லை. நிமிர்ந்து, "சரி சரி" என்று செருப்பைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார்.

ஒன்பதாம் நாள் முளைத்தது. நீதான் முதலில் பார்த்தாய். உரல் மேலிருந்து, "அம்மா, புல்லு வந்திருக்கு!" என்று கத்தினாய். புல் இல்லை. மல்லியின் முதல் இரண்டு இலை நீளமாகத்தான் இருக்கும். கூரை ஓட்டையைப் பார்த்து எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, நூல் நூலாக நின்றன. "வெளிச்சம் பத்தல. தெனம் கொஞ்சம் திருப்பி வைங்க" என்றாள். திருப்பினேன். இன்னும் பத்து நாளில் நடுவிலிருந்து கிழிந்த இலை வந்தது, நமக்குத் தெரிந்த கொத்தமல்லி இலை. நீ ஒன்றே ஒன்று கிள்ளிக் கொண்டுபோய்க் கொடுத்தாய். அவள் அதை விரலில் கசக்கி மோந்து பார்த்து, கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் உன் மூக்கில் வைத்தாள். தூங்கிக்கொண்டிருந்த சின்னவன் மூக்கிலும் வைத்தாள். அவன் தும்மினான்.

"இன்னம் எட்டு நாள் போவட்டும். தொவையலுக்கு ஆவும்" என்றாள். அன்றைக்குக் கஞ்சி ஒரு டம்ளர் முழுக்கக் குடித்தாள்.

அந்த எட்டு நாளுக்குள்தான் விசாரணை வந்தது.

தெரு ஆண்கள் எல்லாரும் தாலுகா கச்சேரிக்கு வர வேண்டும் என்றார்கள். விடியற்காலை முதல் பஸ்ஸில் போக வேண்டும். கிளம்புவதற்கு முன்னால் விளக்கைத் தூக்கிச் சட்டியைப் பார்த்தேன். மேல்மண் வெளுத்துக் கிடந்தது. எங்கள் ஊர்க்காரன் வயலில் மண் வெளுத்துத் தெரிந்தால் உடனே மடையைத் திறக்கத்தான் ஓடுவான். தெளிக்கிற தண்ணீரும் ஓட்டை வழியாக வடிந்து குதிரின் மேல் ஈரமாக இறங்கியிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பொறுக்கவே இல்லை. என் வயலிலிருந்து தண்ணீர் அடுத்தவன் வயலுக்கு ஓடுகிற மாதிரி இருந்தது. நான் ஊரில் இல்லை, புள்ளை தெளிக்கிற துளி எதற்குக் காணும் என்று நினைத்தேன். வாசலில் மிதித்துக் காய்ந்து கிடந்த களியைக் கொஞ்சம் நனைத்து உருட்டி, சட்டியைத் தூக்கி, அடி ஓட்டையில் வைத்து விரலால் அழுத்தி அடைத்தேன். மடை அடைக்கிற கைதானே, நன்றாக அடைத்தது. பிறகு ஒரு சொம்புத் தண்ணீரை முழுக்க ஊற்றினேன். ஊற்றிவிட்டு, ஏதோ புண்ணியம் செய்தவன் மாதிரி பஸ்ஸுக்குப் போனேன்.

அன்று எங்களைக் கூப்பிடவில்லை. மறுநாள் வரச் சொல்லிவிட்டார்கள். கச்சேரி வராந்தாவிலேயே படுத்தோம். மறுநாள் அவர்கள் வக்கீல் எழுந்து, "இதில் ஒருவர் வீட்டுக்குள்ளேயே மண் கொண்டுவந்து கொட்டிப் பயிர் வைத்திருக்கிறார்" என்றார். என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கேட்டார்கள். சொன்னேன். அதிகாரி சிரித்துவிட்டு, "சட்டியில வளர்றது நிலத்துல சேராதுய்யா, உட்காரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நான் அங்கே நின்று சிரித்துக்கொண்டிருந்த நேரத்தில் இங்கே அது மூழ்கிக்கொண்டிருந்தது.

தீர்ப்பு நம் பக்கம் வந்தது. மனை அவரவருக்கே, பட்டா பிறகு வரும் என்றார்கள். பஸ்ஸில் ஒரே கும்மாளம். சாயங்காலம் வீட்டுக்குள் நுழையும்போதே, "இந்தா புள்ள, இனிமே வெளியிலயே வெதைக்கலாம், நம்ம மண்ணு" என்று சொல்லிக்கொண்டுதான் நுழைந்தேன். அவள் குதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டி விளிம்புக்கு மேலே ஒன்றும் இல்லை. கிட்டப் போய்ப் பார்த்தேன். கொத்தமல்லி முழுக்க அடித்தண்டு கறுத்து, நூல் அறுந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று தண்ணீரில் படுத்துக் கிடந்தது. இரண்டு நாளாகியும் மண்ணின் மேல் தண்ணீர் நின்றது.

பெரியவளே, நீ உரல் ஓரமாக நின்றுகொண்டிருந்தாய். அம்மா சொன்ன வேலை என்று இரண்டு நாள் காலையிலும் நீ தவறாமல் தெளித்திருந்தாய்.

நான்தான் கேட்டேன்: "யாரு இவ்வளவு தண்ணி ஊத்துனது?"

நீ உன் கையைப் பார்த்தாய்.

"ஊத்தக் கூடாதுன்னு சொன்னாங்கல்ல? தெளிக்கத்தானே சொன்னாங்க?" என்றேன். உன்னை நான் அடிக்கவில்லை. இத்தனை வருஷம் அதையே எனக்கு நானே சொல்லிக்கொண்டேன், அடிக்கவில்லையே என்று. நீ உன் கையைப் பார்த்துக்கொண்டே அழுதாய். உங்கள் அம்மா, "உடுங்க. புள்ளதானே" என்று சொன்னாள். என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள். அந்தப் பார்வை எனக்கு அப்போது விளங்கவில்லை.

நாலு நாள் கழித்து, நீ வெளியே தம்பியை வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தபோது என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். குரல் மிகவும் இறங்கிவிட்டிருந்தது.

"அன்னிக்கு விடியக்காலம் நீங்க சொம்போட ஊத்துனத நான் பாத்தேன்."

நான் பாயின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தேன்.

"எறங்கிடும்னு நெனச்சித்தான் சும்மா இருந்துட்டேன். ஓட்டைதான் இருக்கேன்னு. என்னவோ எறங்கல. அது போவுது. புள்ளகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நீ செய்யலன்னு சொல்லிடுங்க. மனசுல வச்சிருக்கு அது. ராவுல பெனாத்துது."

"சொல்றேன்" என்றேன்.

"நான் சொன்னா, அம்மா சமாதானத்துக்குச் சொல்றான்னு நெனைக்கும். நீங்க சொல்லணும்."

"சொல்றேன் புள்ள."

ஓட்டையை அடைத்ததை அவளிடமும் நான் சொல்லவில்லை. என்னவோ எறங்கல என்று அவள் சொன்னாளே, அப்போது சொல்லியிருக்கலாம். விதையைப் பற்றி எனக்கு நீ சொல்கிறாயா என்று கேட்டவன், அவள் போடச் சொன்ன ஒரே ஒரு ஓட்டையைக் களிமண்ணால் அடைத்தேன் என்று எந்த வாயால் சொல்வது? மூன்றாம் நாள் மாசிப் பௌர்ணமி. மறுநாள் மத்தியானம் அவள் போய்விட்டாள். கடைசியாக வாயில் விட்டது வெறும் தண்ணீர்தான்.

பட்டா வந்தது. தெருவே கொல்லையைக் கொத்திப் பூசணியும் முருங்கையும் வைத்தது. நம் வீட்டிலும் அக்கம்பக்கத்தார் வைத்துக் கொடுத்தார்கள். நான் கொத்தமல்லி மட்டும் விதைக்கவில்லை. நீ கேட்கவும் இல்லை.

சொல்ல நினைத்த நாள் இல்லாமல் இல்லை. நீ பெரியவளான அன்று நினைத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் நினைத்தேன். சின்னவனை ஒரத்தநாட்டுப் பள்ளிக்கூடத்தில் பிளஸ் ஒன் சேர்க்க நாம் மூன்று பேரும் போனோமே, அன்று அந்தச் செம்மண்ணில் இறங்கி நின்றதும், "ஆயி" என்று கூப்பிட்டேன். நீ திரும்பி, "என்னப்பா, காலு வலிக்குதா?" என்றாய். ஆமாம் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டேன். கொஞ்ச நேரம் கழித்து நீ சோடா வாங்கிவந்து கொடுத்தாய்.

உனக்கு மறந்திருக்கும், சின்னப் பிள்ளைதானே என்று என்னைத் தேற்றிக்கொண்டிருந்தேன். மறக்கவில்லை என்று போன மாதம்தான் தெரிந்தது. நாற்பது வயதைத் தாண்டியும், உன் பெண் நீட்டிய டம்ளரைத் தொடாமல் கையை ஒளித்துக்கொண்டாய்.

உன் கை எதையும் அழுகவிடவில்லை. நீ தெளித்தது துளி. நான் அடைத்து ஊற்றினேன். பேத்தியிடமும் இதைச் சொல். தாத்தா என்று மூடி மறைக்காமல் சொல். என்னிடம் கோபப்படத் தோன்றினால் கோபப்படு. போனில் வேண்டாம், நேரில் வந்து.

இவ்வளவும் எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். அப்புறம் செய்ததையும் எழுதிவிடுகிறேன். அந்தச் சட்டி இன்னும் இருக்கிறது. கூரை வீட்டைப் பிரித்துக் காரை வீடு கட்டினபோதுகூட அதை நான் யாரையும் தொடவிடவில்லை. மாடிப்படிக்குக் கீழே, சிமெண்டு மூட்டைச் சாக்குக்குப் பின்னால், செம்மண்ணோடு அப்படியே இருந்தது. வீட்டில் யாரும் இல்லை. அதை வெளியே எடுத்துவந்து மண்ணைக் கொல்லையில் கொட்டினேன். கவிழ்த்துப் பார்த்தேன். அடைப்பு அப்படியே இருந்தது. கறுப்பாக, என் கட்டைவிரல் அழுத்தின பள்ளத்தோடு. ஒரு பழைய குடைக்கம்பியை எடுத்துக் குத்தினேன். இரண்டு மூன்று குத்தில் பொடியாகி உதிர்ந்தது. குழாயடிக்குப் போய் ஒரு சொம்புத் தண்ணீர் பிடித்துச் சட்டியில் ஊற்றி, இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். அடியில் மெல்லிசாக இறங்கி என் காலில் விழுந்தது. அவ்வளவும் வடிகிற வரைக்கும் அப்படியே நின்றேன்.